கேளாமல் ஒடித்த தைம் கொப்பு

1934 யூலை 14, சனி

களவெடுத்துவிட்டேன்.

எங்கள் பாடசாலைத் தலைவி மிஸ் பெல்டனின் வீட்டு முற்றத்தில், தொட்டியொன்றில் தைம் என்றொரு வாசனைச் செடி நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்தது. எள்ளளவு இலைகள். கசக்கினால் ஓமம் போல ஒரு வாசம், ஆனால் ஓமம் இல்லை. போன கிழமை ஒரு கொப்புக் கேட்டேன்.

"உங்கடை புத்தூரிலை இது நிக்காது, குணலட்சுமி. வீணாப் போகும்" என்றார். அமெரிக்க மிஷனரி, இங்கே பதினெட்டு வருடமாக இருப்பவர். எங்கள் தமிழிலேயே சொன்னதால் இன்னும் சுட்டது.

இன்று பிள்ளைகளின் தையல் வேலைகளைக் கொடுக்கப் போனேன். முற்றத்தில் ஒருவரும் இல்லை. ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இருபத்துமூன்று வயது. ஆசிரியை. இதென்ன வேலை?

யூலை 15

வெங்காயப் பாத்தியின் ஓரத்தில் நட்டேன். என் கூடப்பிறந்த ஏரம்பு அண்ணையிடம் "மிஸ் தந்தவ" என்றேன். களவுக்கு மேலே பொய்.

யூலை 24

வாடுகிறது. இரண்டு நேரமும் தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது. அண்ணை புகையிலைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார்.

"இலை சின்னன், ஓரம் சுருண்டு கிடக்கு. உது காய்ஞ்ச நிலத்துச் சாமான், பிள்ளை. நீ தண்ணியிலை தாட்டுக் கொல்லுறாய்."

உடைந்த பானையொன்றில் சுண்ணாம்புக்கல் சல்லியும் மணலும் கொஞ்சம் செம்மண்ணும் போட்டு மாற்றி நட்டார். மூன்று நாளைக்கு ஒருக்கால்தான் தண்ணீராம்.

செப்டெம்பர் 2

மூன்று தளிர்! பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் சொல்ல முடியாது.

ஒக்டோபர் 27

மழை தொடங்கிவிட்டது. பானையைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்தோம்.

நவம்பர் 19, திங்கள்

ஒரு கிழமையாக விடாத மழை. காலைச் செபத்துக்கு மிஸ் வரவில்லை. அவர் வீட்டுச் சமையல்காரி யோசப்பினிடம் கேட்டேன்.

"தைம் வேரோடை அழுகிப் போச்சு, ரீச்சர். விடிஞ்சதிலையிருந்து அதுக்குப் பக்கத்திலைதான் இருக்கிறா. செத்துப்போன தங்கச்சியின்ரை தோட்டத்திலையிருந்து கொண்டுவந்ததாம்."

தங்கச்சி இருந்தது கூட எனக்குத் தெரியாது.

நவம்பர் 20

சனவரியில் என் வேலை நிரந்தரமாக வேண்டும். மிஸ்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். சொன்னால் கொடுப்பாரா? கள்ளியை ஆர் வேலையிலை வைச்சிருப்பினம்? சொல்லாட்டி — அது என்ரை வீட்டிலை பச்சையா நிக்குது. நான் என்னெண்டு அவவின்ரை முகத்தைப் பாக்கிறது?

நவம்பர் 21

அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். ஏசுவார் என்று நின்றேன். எழும்பிப் போய் வண்டில் சில்லைத் தட்டிப் பார்த்தார்.

"விடிய வண்டில் கட்டுறன். பஸ்ஸிலை கொண்டுபோனா உடைஞ்சுபோம்."

நவம்பர் 22

பானையை மிஸ்ஸின் விறாந்தையில் வைத்தேன். வரும் வழியெல்லாம் பாடமாக்கிய பேச்சு வரவில்லை.

"இது உங்கடை. யூலையிலை கேளாமல் ஒடிச்சனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. குந்தியிருந்து ஓர் இலையைக் கசக்கி மணந்தார். நெடுநேரம் கையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"நான் தரமாட்டனெண்டு சொன்னாப் பிறகோ?"

"ஓம், மிஸ்."

"நீர் செய்தது பிழை."

"ஓம்."

"நான் சொன்னதும் பிழை." பிறகு பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "ஆர் இந்தக் கல்லுப் போட்டது?"

"அண்ணை. வெளியிலை வண்டிலோடை நிக்கிறார்."

"மழையிலையோ? உள்ளுக்கு வரச் சொல்லும்."

அண்ணை வந்து வாசலில் நின்றே தேத்தண்ணீர் குடித்தார். வேலையைப் பற்றி மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இன்று சோறு இறங்கியது.

டிசெம்பர் 9

செடியை மிஸ் வேரோடு இரண்டாகப் பிரித்தாராம். ஒரு பாதி எனக்கு. யோசப்பின் கொண்டுவந்து தந்தாள்.

1935 சனவரி 8

நியமனக் கடிதம் வந்தது. கையெழுத்து மிஸ்ஸினுடையது.

சனவரி 12, சனி

மழை விட்டு நல்ல வெயில். மிஸ் சைக்கிளில் புத்தூருக்கு வந்துவிட்டார். பின் கரியரில், தன் பாதியிலிருந்து கொப்பு வைத்து வேர்பிடித்த தைம் கன்றுகள் ஐந்து, ஈரச் சாக்கில் சுற்றியபடி. ஒரு கொப்பி வேறு. அண்ணை சொல்லச் சொல்ல எழுதினார்: எவ்வளவு சல்லி, எவ்வளவு மணல், மேட்டுப் பாத்தி எந்தப் பக்கம் சாய வேண்டும்.

"எழுதினாக் காணாது, அம்மா. கையாலை பிசைஞ்சு பாக்கவேணும்" என்றார் அண்ணை.

மிஸ் கொப்பியை என்னிடம் தந்தார். சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்கினார். அண்ணை தள்ளி இடம் விட்டார்.