ரயில் கூவிய நேரத்தில் மந்திரி சொன்னது

1932 ஜனவரி 9, விழுப்புரம்

ஆறு பென்சில் சீவி வைத்தாயிற்று. இன்ஸ்பெக்டர் அப்பாதுரை கூப்பிட்டு, "தேவசகாயம், நாளைக்கு ரயிலடி மைதானத்துல மீட்டிங். கோதண்டபாணி பேசறாரு. ஒண்ணு விடாம எழுதிக்கினு வா, கேஸ் போடணும்" என்றார்.

எட்டு வருஷமாக நான் போலீசில் சுருக்கெழுத்துக்காரன். மேடையில் பேசுவதை எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம். காங்கிரஸ்காரர்களுக்கு என்னைப்போல ஒரு ரசிகன் கிடையாது. மற்றவர்கள் நடுவில் எழுந்து வறுத்த மல்லாட்டை வாங்கப் போவார்கள், பக்கத்து ஆளோடு ஊர்வம்பு பேசுவார்கள். முதலிலிருந்து கடைசி வரை பேசுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பவன் நான் ஒருத்தன்தான்.

கோதண்டபாணியும் நானும் ஒரே ஊர். திண்டிவனத்துக்குப் பக்கம் வேலந்தாங்கல். அவர் ஊர்த் தெரு, நான் சேரி. அதனால் அவருக்கு என்னைத் தெரியாது.

ஜனவரி 10

மேடைக்குக் கீழே எனக்கு மேசையும் நாற்காலியும் கூட்டக்காரர்களே போட்டிருந்தார்கள். இவன் எழுதுவதால்தான் உள்ளே போகப் போகிறோம் என்று தெரிந்தும் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். நல்ல காப்பி.

"சர்க்கார் உத்தியோகம்னா என்னங்க? சத்திரத்துக் காவல்காரன் வேலை. வர்றவனுக்குப் பாய் போடணும். தானே அதுல படுத்துக்கக் கூடாது" என்றார் கோதண்டபாணி. ஒரே கைத்தட்டல். என் பக்கம் குனிந்து, "சார், பாய் வரைக்கும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நான் மரியாதைக்குத் தலையை ஆட்டிவைத்தேன். இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

இன்னும் சொன்னார். நம் ராஜ்யம் வந்தால், மனு கொண்டு வந்தவன் உட்கார்ந்த பிறகுதான் அதிகாரி உட்கார வேண்டும். எந்தக் காகிதமும் மூன்று நாளுக்கு மேல் மேசையில் தூங்கக் கூடாது. மந்திரி வீட்டுக்கு அவர் சொந்தக்காரன் சாப்பிட வரலாம், சிபாரிசுக்கு வரக்கூடாது.

அப்போது பாண்டிச்சேரி வண்டி கூவியது. விழுப்புரத்தில் பேசுகிறவர்கள் எல்லாரும் வண்டி கூவினால் நிறுத்திவிடுவார்கள். ஜங்ஷனில் வேறு வழி கிடையாது. இவர் நிறுத்தவில்லை! கையை வீசி, வாயைத் திறந்து, தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. வண்டி போனதும் ஜனங்கள் அதற்கும் கை தட்டினார்கள். என்னத்தைக் கேட்டுத் தட்டினார்களோ.

ஜனவரி 11

பேச்சைச் சுத்தமாகப் படியெடுக்க உட்கார்ந்தேன். கேட்காத இடத்தில் "கேட்கவில்லை" என்று எழுத வேண்டும். அதுதான் விதி. எட்டு வருஷத்தில் நான் ஒருநாளும் மீறியதில்லை.

மத்தியானம் அம்சா அக்கா ஊரிலிருந்து வந்தாள். கைகால் எல்லாம் சொறி. "குட்டைத் தண்ணிதாண்டா. எருமை ஏந்து போற வரைக்கும் நின்னு மொண்டுக்கினு வர்றோம்" என்றாள். ஊர்த் தெருவில் ஜில்லா போர்டு வெட்டின கிணறு இருக்கிறது. போர்டு கிணறு என்றால் எல்லாருக்கும் பொது. காகிதத்தில் பொது. எங்கள் ஆள் யாரும் இதுவரை அதில் கயிறு விட்டதில்லை.

அக்கா போன பிறகு பேனாவை எடுத்தேன். "கேட்கவில்லை" என்று எழுதவில்லை. இப்படி எழுதினேன்: "எங்கள் ஊர் போர்டு கிணற்றில் சேரிப் பெண் ஒருத்தி முதல் குடம் சேந்துகிற வரைக்கும், நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது திருட்டு நாற்காலி."

நடை அவர் நடையேதான். இதில் ராஜத்துரோகம் ஒன்றும் இல்லை, இதற்காகத் தண்டனை அதிகமாகிவிடாது. ஆனாலும் — என்ன காரியம் செய்தாய், தேவசகாயம்?

ஜனவரி 12

அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 3

கோர்ட்டில் என் எழுத்தை முழுக்கப் படித்தார்கள். கிணறு வந்தபோது கோதண்டபாணி புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். முடிந்தோம் என்று நினைத்தேன்.

"இது நீர் பேசியதுதானா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"எல்லா வார்த்தையும் என்னுதுதாங்க. கைத்தட்டலைத்தான் சார் கொஞ்சம் கம்மியா எழுதிட்டாரு."

ஆறு மாதம் போட்டார்கள்.

1937 ஜூலை 19

கோதண்டபாணி மந்திரி ஆகிவிட்டார்.

சவுரியம்மாள் காலையிலிருந்து என்னை வறுத்து எடுக்கிறாள். "நீங்க ஜெயிலுக்கு அனுப்பின ஆளு மந்திரி. பெட்டி படுக்கையைக் கட்டட்டுமா?"

"நான் எங்கடி அனுப்பினேன்? அவரு பேசினாரு, நான் எழுதினேன்."

"அதைப் போய் அவருகிட்ட சொல்லுங்க."

அவர் பேசாததையும் எழுதினேன் என்பது என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

ஆகஸ்ட் 29, திண்டிவனம்

மந்திரி பங்களாவுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். போனேன். மனுஷர் எழுந்து நின்றார். "உக்காருங்க" என்றார். மந்திரி நிற்கும்போது போலீஸ்காரன் எப்படி உட்காருவது? நான் விறைப்பாக நின்றேன். நான் உட்காராமல் அவர் உட்கார மாட்டார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாகக் கால் மணி நேரம் நின்றோம்.

"நீங்க எழுதினதுதான் சார்! வந்தவன் மொதல்ல உக்காரணும். ஜல்தி உக்காருங்க, எனக்கு முட்டி நோவுது."

உட்கார்ந்தேன். நாற்காலி நுனியில்.

"என் பேச்சு எதுவும் என்கிட்ட இல்ல சார். ஒரு துண்டுக் காகிதம்கூட நான் வெச்சிக்கல. எல்லாம் உங்ககிட்டதான் இருக்குது. நாற்காலியில உக்காந்ததும் பழசெல்லாம் மறந்துபோவுது. எதைச் செஞ்சேன், எதைச் செய்யலன்னு பாக்கணும். படியெடுத்துக் குடுங்க" என்றார்.

இப்படி ஒரு மந்திரி கேட்பாரா? கேட்டார்.

செப்டம்பர் 2

இன்ஸ்பெக்டர் புத்தி சொன்னார். "அவருக்கு நோவுற மாதிரி எதுவும் இருந்தா விட்டுடுய்யா. மந்திரி கேட்டா மந்திரிக்குப் புடிச்சதைக் குடுத்துட்டுப் போவியா!"

நோகிற இடம் ஒன்றுதான் இருக்கிறது. வேலந்தாங்கலில் போர்டு கிணற்றைச் சேரி ஆள் தொடாமல் காவல் காப்பவர் அவருடைய சொந்தச் சித்தப்பா பெரியதம்பி. ஊருக்கு நாட்டாண்மை.

விட்டுவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? எழுதினால், "நான் எங்கே இதைச் சொன்னேன்?" என்று ஒரு கேள்வி போதும். பொய் ரிக்கார்டு எழுதினவன் என்று வேலை போகும். மூன்று பிள்ளைகள்.

போன வருஷம் வாந்திபேதியில் சேரியில் ஏழு பேர். அதில் அக்கா பெண்ணும் ஒருத்தி. குட்டைத் தண்ணி.

எழுதினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, இப்போதும்.

நவம்பர் 14

நான் அனுப்பின படி திரும்பி வந்திருக்கிறது, ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் குறிப்புகளோடு. காகிதம் மூன்று நாள்: "இல்லை. இருபது நாள் ஆகிறது. வெட்கம்." சொந்தக்காரன் சிபாரிசு: "அத்தை மகன் இரண்டு தடவை வந்தான். சாப்பாடு போட்டு அனுப்பினேன். கோபித்துக்கொண்டு மோர்கூடக் குடிக்கவில்லை."

கிணற்றுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. பென்சிலை அழுத்தி ஒரு புள்ளி வைத்திருக்கிறார். முனை உடைந்திருக்கிறது.

1938 மார்ச் 5

தந்தி. நாளை காலை வேலந்தாங்கலுக்குக் காகிதத்தோடு வரவும். தனியாக வரவும். — செத்தேன்.

மார்ச் 6

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

கிணற்றடியில் பெரியதம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் முப்பது ஆட்கள். எட்டத்தில் சேரி ஜனம், குடத்தோடு அம்சா அக்கா. மந்திரி ஒரு போலீசையும் கூட்டி வரவில்லை. என்னைத் தவிர.

"சேரிப் பொம்பளை இதுல சேந்தணும்னு நீ எப்படா சொன்ன?" என்று மந்திரியைக் கேட்டார் பெரியதம்பி.

"படிங்க சார்" என்றார் மந்திரி.

படித்தேன். ரிக்கார்டில் இருந்த பேச்சு பூராவும். கிணறு வந்ததும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்றார். சத்தமாகப் படித்தேன்.

பெரியதம்பி என்னைக் கூர்ந்து பார்த்தார். "டேய், நீ சேரி மண்ணாங்கட்டி மவன் இல்ல?" மண்ணாங்கட்டி என் அப்பா பெயர்.

முப்பது தலையும் என் பக்கம் திரும்பியது. மந்திரியும் திரும்பினார். அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"எழுதினவரு யாரா இருந்தா என்ன சித்தப்பா?" என்றார் மந்திரி. "கோர்ட்டுல என்னுதுன்னு ஒத்துக்கினு ஆறு மாசம் களி தின்னுட்டு வந்தேன். களி தின்ன வார்த்தையை இப்ப துப்பச் சொல்றியா? உத்தரவு போட்டு நூறு போலீசை நிறுத்தலாம். அவங்க போனதும் நீ மறுபடி இங்க வந்து நிப்ப. அதனாலதான் கூட்டிக்கினு வரல. எனக்குத் தாகமா இருக்குது. அந்தம்மா சேந்தற மொதல் குடத்துல குடிக்கிறேன். அது வரைக்கும் பச்சைத் தண்ணி தொட மாட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெயில் ஏறியது. உச்சிப்பொழுதும் தாண்டியது. மந்திரிக்கு உதடு வெடித்துவிட்டது. பெரியதம்பியும் நகரவில்லை, அவருக்கும் தாகம்தான், கௌரவத்துக்காகக் குடிக்கவில்லை. கடைசியில் அவர் சம்சாரம் தையல்நாயகி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு ஆம்பளைங்களும் இங்கியே காஞ்சி சாவுங்க. எனக்கு அடுப்புல கேப்பைக்கூழ் கொதிக்குது, தண்ணி வேணும். அவ சேந்தினாதான் இந்தப் பேஜாரு முடியும்னா சேந்திக்கினு போவட்டும். நகரு!"

அவர் நகர்ந்தார்.

அக்கா கயிறு விட்டாள். தண்ணீர் மேலே வந்தது. மந்திரி இரண்டு கையையும் குவித்துக் குடித்தார், சட்டையெல்லாம் நனைய. நான் அழுதேன். எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

திரும்பும்போது காரில் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "ஐயா, அந்த இடத்துல வண்டி கூவிச்சுங்க. எனக்குக் கேக்கல. நானா எழுதிட்டேங்க."

"தெரியுமே" என்றார். "அன்னிக்கி எனக்குத் தொண்டை கட்டிக்கினு இருந்துச்சு. நிறுத்தினா கூட்டம் கலைஞ்சிடும்னு சும்மா வாயை ஆட்டிக்கினு இருந்தேன். ஒரு வார்த்தை பேசல."

"அப்ப கோர்ட்டுல மறுத்திருக்கலாமேங்க?"

"என்னன்னு சார் மறுக்கறது? இருக்கறதுலயே இந்த ஒரு நல்ல வார்த்தை மட்டும் என்னுது இல்லன்னா?"

இரண்டு பேரும் சிரித்தோம். திண்டிவனம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இனிமே கேக்கலன்னா கேக்கலன்னே எழுதுங்க. நாளைக்கி வேற ஒருத்தன் வேற எதையாவது எழுதுவான். அதுக்கும் யாராவது ஜெயிலுக்குப் போவணும்." அது எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது நியாயம்.

மே 22, விழுப்புரம்

அம்சா அக்கா வந்திருக்கிறாள். வந்து காலைக்கூடக் கழுவவில்லை, புகார் ஆரம்பித்துவிட்டது.

"அந்தத் தையல்நாயகி விடியறதுக்குள்ள நாலு குடத்தைக் கொண்டாந்து வரிசையில வெச்சிட்டுப் போயிடறாடா! நேத்து நான் நகத்தினேன். சண்டைக்கு வந்துட்டா. நானும் வுடல. இது உன் வூட்டுக் கிணறான்னு கேட்டுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவா? உன் மொறை வரும்போது சேந்துடி, வரிசையில நில்லுன்னா. நின்னேன். எனக்குப் பின்னாடி அவ மருமவ நின்னா."