ஒய் அச்சு கீழே போகும் ஊர்

அடியே தலெகெளகு,

இன்று சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டையில் கிராஃப் ஷீட் கட்டு ஒன்று வாங்கி வந்தேன். என் வகுப்பில் நாளை எல்.பி.பி. ஆரம்பம், நம்முடைய அதே லீனியர் புரோகிராமிங். வீட்டுக்கு வந்து மேல் காகிதத்தைக் கிழித்தேன், அவ்வளவுதான். பச்சை மையும் புதுக் காகிதமும் கலந்த அந்த வாசனை அப்படியே மூக்கில் ஏறியது. கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்து, அது ஆறி ஆடை கட்டி, அதற்கும் திட்டு வாங்கியாயிற்று. நீ போய் ஒரு மழைக்காலம்கூட முழுசாக முடியவில்லை. ஒரு பச்சைக் காகிதம் என்னை இப்படிச் செய்கிறது, பார்.

உன் பேரைச் சொல்லி எழுத எனக்கு வரவில்லை. இரண்டாம் பி.யூ.சி.யில் கணக்கு சார் உனக்கு வைத்த பேர்தான் கைக்கு வருகிறது. கோலார் பக்கத்துக் கன்னடக்காரர், நல்ல மனிதர், கோபம் மட்டும் மூக்கு நுனியில். வகுப்பில் உன் கிராஃபைத் தூக்கிப் பிடித்து, "ஏனம்மா, கிராஃப் தலெகெளகாகிதெ!" என்றார். கிராஃப் தலைகீழாகக் கிடக்கிறதாம். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். உண்மையிலேயே நீ ஒய் அச்சைக் கீழ்நோக்கி வரைந்திருந்தாய். மேலே பூஜ்யம், கீழே போகப் போக பத்து, இருபது, முப்பது.

"இன்னா சார் தப்பு? எங்க வூட்ல நம்பர் ஏற ஏற கீழதான் சார் போவும்" என்றாய் நீ. சாருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மாரிகுப்பத்தில் மைன்காரர்களின் லைன் வீடுகளில் பிறந்த எவளுக்கும் புரியும். நாம் நடை பழகும் முன்பே தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் உன் அப்பா வாயில் மைன் மூடவே இல்லை. சுரங்க லிஃப்டான கேஜில் ஏறி எந்த லெவலில் இறங்கினார், அதற்கும் கீழே எந்த லெவல், அங்கே சூடு எப்படி இருக்கும் என்று சோறு போடும்போதெல்லாம் அதே பேச்சு. லெவல் எண் பெரிதானால் ஆழம் அதிகம். அதிகம் என்றால் கீழே. நீ அதைக் கேட்டு வளர்ந்தவள். "குறைந்தது இவ்வளவு வேண்டும்" என்று கணக்கில் வந்தால், அதற்கு மேற்பட்டது எல்லாம் உனக்குக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது.

சார் அதட்டிய பிறகு அச்சை மேல்நோக்கிப் போடக் கற்றுக்கொண்டாய். அதுதான் பெரிய தலைவலியாகப் போயிற்று. அச்சு மேலே போகும், உன் கை மட்டும் கீழே போகும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு கோடு போட்டு, கோட்டின் எந்தப் பக்கம் சரியோ அந்தப் பக்கத்தைப் பென்சிலால் தீட்டி ஷேட் செய்ய வேண்டும். எல்லா ஷேடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒட்டுகிற இடம் எதுவோ அதன் மூலைகளில்தான் விடை இருக்கும். இதில் நீ ஷேடை எப்போதும் எதிர்ப்பக்கம் போட்டாய். அரையாண்டுப் பரீட்சையிலும் போச்சு, அடுத்து வந்த மாதிரிப் பரீட்சையிலும் போச்சு.

உன் அப்பா அப்போது பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன். மாரிகுப்பத்தில் முதல் ரயில் ஏறினால், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். நெஞ்சில் மைன் தூசு. படி ஏறினால் மூச்சு வாங்கும். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் சொன்னதை நான் உங்கள் வீட்டு வாசற்படியில் இருந்து கேட்டேன். "பாஸ் பண்ணிடு, எப்பாடு பட்டாவது டிகிரி சேத்துடுறேன். மேத்ஸ்ல புட்டுக்கிச்சுன்னா என்னோட ட்ரெயின் ஏறிடு கண்ணு. கார்மென்ட்ஸ்ல ஆள் எடுக்கறாங்களாம். ஒருத்தனா என்னால இழுக்க முடில." அதட்டவில்லை. கெஞ்சுகிற குரல். அதனால்தான் உனக்கு அவ்வளவு பயம்.

இன்டெக்ரேஷன் உனக்கு வராது, வெக்டர் வராது. பெரிய கேள்வியில் நிச்சயமாக வருவது எல்.பி.பி. ஒன்றுதான் என்று சாரே சொல்லியிருந்தார். ஆக உன் டிகிரி, உன் ரயில், உன் வாழ்க்கை எல்லாம் ஷேடை எந்தப் பக்கம் போடுகிறாய் என்பதில் வந்து நின்றது. 

பரீட்சைக்கு முந்தின வாரம் முழுக்க மாரிகுப்பம் ஸ்டேஷனில்தான் இருந்தோம். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது, வந்த ரயில் அங்கேயே நிற்கும். காலியான பெட்டியில் ஏறி, எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்து படிப்போம். மைன் கழிவு குவிந்த சைனைடு மேட்டில் இருந்து காற்று அடித்தால் தாளெல்லாம் வெள்ளைப் பொடி.

"சைபரை வெச்சு எந்தப் பக்கம்னு பாத்தியா?"

"பாத்தேன்டி. எந்தப் பக்கம்னு நல்லாத் தெரிது. கைதான் அங்க போவ மாட்டேங்குது."

"கைய ஒடச்சிடுவேன்."

"ஒட. அப்பவாவது எனக்கு எழுதித் தர ஒரு ஸ்க்ரைப் குடுப்பாங்க."

அப்படிச் சிரிக்கவும் செய்தோம். உன் அப்பா ஒருநாள் ரயிலை விட்டு இறங்கி, அந்தப் பெட்டிக்கே வந்து நின்று என் தாளை வாங்கிப் பார்த்தார். மேலே மேலே ஏறும் எண்களைப் பார்த்து, "இன்னாமா இது, ஆகாசத்துல மைன் தோண்டிக்கிறீங்க?" என்றார். சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். நீ அவரைப் பார்த்துவிட்டுக் குனிந்தாய். அன்றைக்குத்தான் உனக்கு அந்த எண்ணம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஒரு கணக்கை உன் வழியில் போட்டாய். அச்சு கீழே. ஷேட் கீழே. ஒரு திணறல் இல்லை. மூலைகளை வாசித்தாய். நான் மேல்நோக்கிப் போட்டிருந்த அதே கணக்கிலும் அதே மூலைகள், அதே விடை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தேன். "பாத்தியா, பாத்தியா!" என்று நீ சீட்டில் முழங்கால் போட்டுக் குதித்தாய். நான்தான் பயந்து செத்தேன். திருத்துபவர் பார்த்ததும் சிவப்பில் ஒரு கோடு இழுத்துவிட்டால்? விடைத்தாளோடு தைத்துக் கொடுப்பது ஒரே ஒரு கிராஃப் ஷீட். அதைக் கெடுத்தால் கெடுத்ததுதான். மேலேயே போடு என்று சத்தியம் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். நீ கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

அன்றைக்குக் கடைசியாகப் போட்ட கணக்கு உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஒரு நிபந்தனையின் ஷேட் இந்த மூலையில், இன்னொன்றின் ஷேட் அந்த மூலையில். இரண்டும் ஒட்டவே இல்லை. நீ பென்சிலை அழுத்தி அழுத்திப் பார்த்தாய்.

"இன்னாடி, எங்கியுமே ஒட்டல?"

"ஒட்டாது. விடை இல்லைன்னு எழுதணும்."

"விடை இல்லன்னு எழுதுனா மார்க் குடுப்பாங்களா?"

"முழு மார்க் குடுப்பாங்க. அதுதான் அதுக்கு விடை."

"அநியாயம்டி இது" என்றாய். பாவம், அந்தக் கணக்கின் மீது உனக்குக் கோபமே வந்துவிட்டது. எழுத மாட்டேன் என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டாய்.

பரீட்சையன்று காலையில் உங்கள் வீட்டுப் புத்தர் படத்துக்கு முன்னால் நீ கண்ணை மூடி நின்ற நேரத்துக்கு, பஸ் போயே போய்விடும் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்து கேட்டருகே உனக்காகக் காத்து நின்றேன். நீ வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது.

"கீழதான் போட்டுக்கிறேன்" என்றாய்.

அந்த இடத்திலேயே உன்னை அறைந்திருப்பேன்.

"கத்தாத. அச்சு பக்கத்துல பெரிய அம்புக்குறி போட்டுட்டு, ஒய் கீழ்நோக்கி எடுத்துக்கிறேன்னு இங்கிலீஷ்ல எழுதிட்டு வந்துக்கிறேன். கண்ணு இருக்கறவன் படிக்கட்டும்."

அதற்குப் பிறகு ரிசல்ட் வரும்வரை நீ சரியாகச் சாப்பிடவில்லை. வெளியில் வீரம் பேசிவிட்டு, உள்ளே நடுங்கினாய்.  உன் அப்பா பெங்களூர் ரயிலுக்குச் சீசன் டிக்கெட் எடுக்க உன் போட்டோ ஒன்று எடுத்து வைக்கச் சொன்னாராம், அதை மட்டும் என்னிடம் சொல்லி அழுதாய்.

பாஸ். தொங்கிக்கொண்டு ஒரு பாஸ், ஆனால் பாஸ். எல்.பி.பி.க்கு எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாது. அது இல்லாமல் நீ தேறியிருக்க முடியாது, அது மட்டும் தெரியும். அன்று மாலை இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். உன் அப்பா இறங்கினார். நீ சொன்னாய். அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "அப்ப ட்ரெயின்ல ஜன்னல் சீட்டு எனக்கே" என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி நின்று ரொம்ப நேரம் இருமினார். இருமல் மட்டும் இல்லை அது. நம் இருவருக்கும் தெரியும்.

வேடிக்கையைக் கேள். கணக்கில் புலி என்று பேர் வாங்கிய நான் அதைப் பாடமாக நடத்திக்கொண்டு இங்கேயே கிடக்கிறேன். தலெகெளகு நீ, டிகிரி முடித்து பெங்களூரில் ஒரு லாரி கம்பெனியில் சேர்ந்து, எந்த வண்டி எந்த வழியில் போனால் லாபம் என்று கம்ப்யூட்டரில் எல்.பி.பி. போட்டே சோறு தின்றாய். உன் அப்பா சாகிறதுக்கு முன்னால் உன் முதல் சம்பளத்தில் ஜன்னல் சீட்டோடு பெங்களூர் போய் வந்தார். அந்த நிறைவோடு போனார் மனிதர்.

அப்புறம் உனக்கு வந்தது. இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. எங்கிருந்து வந்ததோ, சனியன். நான் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் அம்மா வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்னதைச் சொன்னார். டயாலிசிஸ் இனிமேல் கைகொடுக்காது, சிறுநீரகம் மாற்றும் ஆபரேஷன் செய்யாமல் ஓடாது. ஆபரேஷனை உன் இதயம் தாங்காது. "அவகிட்ட யாரும் சொல்லலமா. நீயும் சொல்லிடாத" என்றார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. சுற்றி வளைக்கவே இல்லை.

"எல்லாரும் சாத்துக்குடி உரிச்சுக் குடுக்கறாங்க. ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. நீ சொல்லுடி. ரெண்டு ஷேடும் ஒட்டவே இல்லியா?"

உன் அம்மாவுக்குத் தலையாட்டி வந்தவள் நான். ஆனால் கணக்கில் உன்னிடம் நான் என்றைக்கும் பொய் சொன்னதில்லை.

"ஒட்டலடி" என்றேன்.

நீ அழவில்லை. நான்தான் அழுதேன். பிறகு ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கையை என் பக்கம் நீட்டினாய்.

"சரி. எழுதிட்டேன். முழு மார்க் போடு."

பையில் திருத்துகிற சிவப்புப் பேனா இருந்தது. உன் உள்ளங்கையில் ஒரு டிக் போட்டேன். அது கோணலாகப் போயிற்று. நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுவும் தலெகெளகாகிதெ" என்றாய். நாம் சிரித்த சத்தத்துக்கு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள். அதற்கடுத்த நாட்களில் நீ உன் அம்மாவிடம் எல்லாம் பேசினாயாம். தம்பி படிப்பு, உன் துணிமணி யாருக்கு, எந்தப் புடவையில் உன்னைக் கொண்டுபோக வேண்டும், எல்லாம். அம்மா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சொன்னதாலதான் அவ எங்கிட்ட பேசுனா" என்று காரியத்தன்று என்னைக் கட்டிக்கொண்டார்.

வேலையில் சேர்ந்த நாள் முதல் என் வகுப்பில் எந்தப் பிள்ளை ஷேடை மாற்றிப் போட்டாலும் நான் உடனே கோடு இழுப்பதில்லை. "உங்க வூட்ல யாராவது அண்டர்கிரவுண்டு எறங்குனாங்களா?" என்று கேட்பேன். பிள்ளைகள் விழிப்பார்கள். சில பேர் தாத்தா என்பார்கள். அப்படியானால் அச்சைக் கீழே போடு, அம்புக்குறி போட்டு எழுதிவிடு என்பேன். அந்தச் சிவப்புப் பேனா இன்னும் பையில்தான் இருக்கிறது. அதை வைத்து வேறு யார் தாளையும் திருத்தவில்லை. மை காய்ந்துபோயிருக்கும். போகட்டும்.

பாடத்தில் ஷேட் ஒட்டாத அந்தக் கணக்கும் வரும். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. எப்படியும் ஒரு பிள்ளை எழுந்து, விடை இல்லை என்று எழுதினால் மார்க் கொடுப்பார்களா மிஸ் என்று கேட்கும். வருஷா வருஷம் கேட்கிறார்கள். இந்தத் தடவை அதைச் சொல்வது லேசாக இருக்காது. ஆனால் பதில் இருக்கிறது.

"முழுசாக் குடுப்பாங்க கண்ணு. நானே ஒருத்திக்குக் குடுத்துக்கிறேன்."