பேத்தியின் முதல் சிரிப்பு

ஜூன் 14, சனி இரவு

மருமகள் அரிசோனாவில் பிறந்த நவஹோ பழங்குடிப் பெண். அவர்கள் வழக்கப்படி, குழந்தையை முதன்முதலாகச் சிரிக்கவைத்தவர்தான் விருந்து வைக்க வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து, வந்தவர்கள் எல்லோருக்கும் உப்புக் கொடுக்கவைக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை மனம் கோணாமல் கொடுக்கிறவளாக வளருமாம். சிரிக்கவைத்தவரின் குணமும் ஒட்டிக்கொள்ளுமாம்.

இன்று காலை பென்டில் ஹில்லில், மகன் வீட்டில், நான் தும்மினேன். தொட்டிலில் கிடந்த பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள். அறையில் வேறு யாருமில்லை. விருந்தென்றால் அண்ணரையும் அழைக்க வேண்டும். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அவரோடு எனக்குப் பேச்சில்லை. யாரிடமும் சொல்லாமல் வீடு திரும்பினேன்.

மாலையில் மகன் போன் எடுத்தான்.

"அப்பா, பிள்ளை சிரிச்சிட்டாள்! பெரியப்பா குனிய, அவரின்ர மொட்டையைப் பார்த்துத்தான்! அவர் இப்பவே சமையலுக்கு ஆள் தேடுறார். நீங்களும் வரோணும்."

"ஓம், வாறன்."

என் குணம் ஒட்டாமல் பிள்ளை தப்பியது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் முதலில் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த வார ஞாயிறு விருந்தில், அண்ணரின் மடியில் இருந்து அவள் தரும் உப்புக்கு நான் கை நீட்ட வேண்டும்.