வெள்ளிக் கொக்கின் முகம்

மெக்சிகோ நகரம்
28 ஆகஸ்ட் 1988

அன்புக் கொமாத்ரே எர்மினியாவுக்கு,

உன் மகள் நெலிதாவுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவுக்காகத்தான் கொமாத்ரே என்று மரியாதையாக ஆரம்பிக்கிறேன். இல்லையென்றால், தீஹுவானாவுக்குப் போய் இத்தனை மாதமாக ஒரு வரி போடாதவளை வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டிருப்பேன்.

நெலிதா எழுதியிருந்தாள். சர்க்கரை உன் இரண்டாவது கண்ணையும் கொண்டுபோய்விட்டதாமே. படித்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். கடைக்கு வந்தவர்கள் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் அரங்கத்தில் ஆண்டு விழாக் குஸ்தி. முகமூடிக்கு முகமூடி பந்தயம். உன் வெள்ளிக் கொக்கும் என் சுடுகாட்டு நாயும் மோதுகிறார்கள். தோற்றவன் மேடையிலேயே முகமூடியைக் கழற்றி, பெற்றவர்கள் வைத்த பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். பிறகு ஆயுளுக்கும் அதை மாட்ட முடியாது. உன் கொக்கின் இறகைப் பிடுங்கும் நாளுக்காக நான் எத்தனை மெழுகுவத்தி ஏற்றியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

மூன்றாவது வரிசையில் நம் இரண்டு இடத்தையும் பிடித்துவிட்டேன். நீ கொக்கின் நல்லவர் கட்சியில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிரு, நான் நாயின் முரடர் கட்சியில் நடுவரின் அம்மாவை விசாரிக்கிறேன், எப்போதும் போல. கண் தெரியாவிட்டால் என்ன, நான் காதில் சொல்கிறேன். பாதி பொய்யாக இருக்கும், அவ்வளவுதான். வந்துவிடு.

உன்
தோமாசா


தீஹுவானா
8 செப்டம்பர் 1988

அன்புள்ள தோமாசா,

நான் சொல்லச் சொல்ல நெலிதா எழுதுகிறாள். உன் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னேன். நடுவரின் அம்மா வரும் இடத்தில் மூன்று முறையும் சிரித்தாள்.

என்னால் வர முடியாது. காலில் ஒரு புண் ஆறாமல் கிடக்கிறது. பேருந்தில் அவ்வளவு தூரம் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் இடத்தில் யாரையும் உட்கார வைக்காதே. அது மட்டும் என் பிடிவாதம்.

கொக்கு ஜெயித்தால் ஒரு வரி போதும். தோற்றால் அவன் முகத்தை எனக்குச் சொல்ல வேண்டும். நீ ஆச்சரியப்படுவாய். அந்த முகமூடிக்குள் எட்டிப் பார்க்க நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு முகமாக என்னிடமிருந்து அழிந்துகொண்டிருக்கிறது. செத்துப்போன என் வீட்டுக்காரர் முகம் மங்கிவிட்டது. நெலிதாவின் முகத்தையே யோசித்துத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இனி எனக்கென்று புதிதாக ஒரு முகம் கிடைக்குமென்றால் அது அவனுடையதாக இருக்கட்டும். கேலி இல்லாமல், மறைக்காமல் சொல்.

எர்மினியா


மெக்சிகோ நகரம்
25 செப்டம்பர் 1988

அன்புக் கொமாத்ரே,

தோற்றுவிட்டான்.

என் நாய்தான் ஜெயித்தது. இத்தனை வருஷம் காத்திருந்து ஜெயித்தவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. முதல் சுற்று கொக்கினுடையது. கயிற்றின் மேலிருந்து அவன் பாய்ந்த பாய்ச்சலை நீ பார்த்திருந்தால் ஜெபமாலையை அறுத்திருப்பாய். இரண்டாவது சுற்று நாயினுடையது, கள்ளத்தனத்தோடு. மூன்றாவதில் கொக்கின் தோள் தரையை விட்டு எழவில்லை. நடுவர் மூன்று முறை தட்டினார். நான் அவருடைய அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை.

முகமூடியின் பின்முடிச்சை அவனே அவிழ்த்தான். நான் எழுதப்போவதை நெலிதா மெதுவாகப் படிக்கட்டும்.

அந்த முகத்தை உனக்குத் தெரியும், எர்மினியா.

என் ரொட்டிக் கடைக்கு வெள்ளிக்கிழமை மதியம் ஒருவர் வருவாரே, ஜன்னல் கண்ணாடி வெட்டுகிறவர். மிளகாய் வேண்டாம் என்பார். கன்னியர் மடத்துச் சாப்பாடா என்று நான் கிண்டல் செய்வேன். நெற்றி முழுக்கத் தழும்பு. கண்ணாடிச் சில்லு தெறித்தது என்பார், நாமும் பாவப்படுவோம். உன் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, நீ கொக்கைப் பற்றி அளப்பதையெல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு இந்தக் குஸ்தி எல்லாம் புரியாதுங்க" என்று சொல்லி எழுந்து போவாரே, அவர்தான். எவரார்தோ கிந்தானா, ஊர் பாச்சூக்கா. மைக்கில் சொன்னார். கடையில் பேசும் அதே சின்னக் குரல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவுக்கு வருகிறீர்களா என்று அவர் உன்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? "ஞாயித்துக்கிழமை கொக்கு புவெப்லாவுல மோதுறான், நான் அங்க போறேன்" என்றாய். அடுத்த முறை கேட்டபோது தொலூகாவில் மோதுகிறான் என்றாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும்தான் சிரித்தார். அப்படிச் சிரிக்க அந்த மனிதர் என்ன பாடு பட்டிருப்பார் என்று இப்போதுதான் தெரிகிறது. 'நான்தான் அவன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். முகமூடி போட்டவன் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதே. பிறகு அவர் கேட்கவே இல்லை.

நீ கேட்ட முகம்: கன்னம் ஒட்டிப்போய்விட்டது. மீசை நரைத்திருக்கிறது. மேடை விளக்கில் தோல் வெளுத்துத் தெரிந்தது. ஒரு முறை நம் வரிசைப் பக்கம் திரும்பினார். இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து மரியாதையாக மேடைக்குக் காசு வீசினார்கள். நானும் வீசினேன்.

தோமாசா


தீஹுவானா
10 அக்டோபர் 1988

தோமாசா,

நெலிதா பாதியில் படிப்பதை நிறுத்தினாள். படி என்றேன்.

அவரை வேண்டாம் என்று சொன்னதற்கு என்னிடம் ஒரு சமாதானம் இருந்தது. நல்ல மனிதர், அவருக்கு வேறு யாராவது கிடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கொக்கு விஷயத்திலும் ஒரு சமாதானம் இருந்தது. அவன் யாரோ, நான் யாரோ. வீட்டுக்காரர் போன பிறகு யாரோ ஒருவனுக்காகக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவதில் எனக்கு நிம்மதி இருந்தது. இப்போது இரண்டுமே இல்லை. நான் கைதட்டியதும் கைவிட்டதும் ஒரே ஆளை.

கேட்டது நான்தான். நீ சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் இனி உன் கடிதம் வரும்போதெல்லாம் அந்த முக்காலியும் அந்தத் தழும்பும் கூடவே வரும். அதனால் எழுதாதே. உன்னைத் திட்டவில்லை, எழுதாதே என்றுதான் சொல்கிறேன்.

அவர் எப்போதாவது கேட்டால், நான் இப்படி இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே.

எர்மினியா


மெக்சிகோ நகரம்
20 நவம்பர் 1988

அன்புக் கொமாத்ரே,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். முரடர் கட்சிக்காரி விதிக்குக் கட்டுப்பட்டால்தான் அதிசயம். இது ஒன்றுதான், இதற்குமேல் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

முந்தாநாள் மதியம் அவர் கடைக்கு வந்தார். மிளகாய் வேண்டுமா என்று கேட்டேன். கிண்டல் வாயில் வரவில்லை. அவரே என்னைப் பார்த்து, "என்னம்மா, நாக்குல புண்ணா?" என்றார். வலது தோளைத் தூக்க முடியவில்லை, ரொட்டியை இடது கையால்தான் பிடித்தார். கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த அம்மா அன்னிக்கு வந்திருந்தாங்களா?"

"வராம இருப்பாளா? மூணாவது வரிசையில எம்பக்கத்துலதான் இருந்தா. பச்சைச் சால்வை போட்டிருந்தா."

"அழுதாங்களா?"

"மொதல்ல அழுதா. அப்புறம் எழுந்து நின்னு கைதட்டினா. அந்தச் சத்தத்துல என் காதே போச்சு."

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "அப்படியா. லைட்டு மூஞ்சியில அடிச்சதுல எனக்கு யாருமே தெரியல" என்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி அரங்கத்துப் பக்கம் போகாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

ஆகவே யார் கேட்டாலும் அன்று நீ அங்கே இருந்தாய், எர்மினியா. பச்சைச் சால்வை. கைதட்டினாய்.

பதில் போட வேண்டாம்.

உன்
தோமாசா