மலைப்பக்கத்துப் பாரம்

பெப்ரவரி 6

மழை இல்லை. தோட்டத்தில் வெட்டிய முட்டைக்கோவா பதினெட்டு மூட்டை பண்டாரவளைச் சந்தைக்குப் போனது. பக்கத்து லயத்து வீட்டுச் சுரேஸ்தான் ஓட்டினான். பாரத்தை இறக்கிவிட்டு வந்து நிற்கும்போதும் எங்கள் மூட்டை ஏற்றுகிற கெப் வண்டி பின்னால் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. பார்க்கிற போதெல்லாம் வயிறு எரிகிறது.

மருமகன் ஜெயகுமார் செய்த வேலை. பொங்கலுக்கு மறுநாள் கோயில் மதிலுக்குக் கருங்கல் ஏற்றிக்கொண்டு போனான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் பார்க்கிறேன், வண்டி நொண்டி மாதிரி நிற்கிறது. எங்கேயோ ரோட்டோரக் கானில் சக்கரத்தை இறக்கிவிட்டு மறைக்கிறான். வேறு என்ன?

ஜனவரி 19, மூட்டை ஏற்றுகிற இடத்தில், பன்னிரண்டு பேர் முன்னால் கேட்டேன். "என் புருசன் உசிரு போன காசுல வாங்கின வண்டி. அத முறிச்சிப்புட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?" அவன் சாவியை ஒரு மூட்டை மேல் வைத்தான். "சரிங்க அத்தை" என்றான். அன்றைக்கே கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டான். அங்கே யாரோ ஒரு முதலாளியின் லொறியை ஓட்டுகிறானாம்.

கேட்டது தப்பா? தப்பில்லை.

பெப்ரவரி 11

மகள் துஷாந்தினி சோறு போடுகிறாள். பேசுவதில்லை.

பெப்ரவரி 20

பேசினாள். "சித்திரைக்குள்ள அவர நீங்க கூப்பிடணும். இல்லாட்டி புள்ளைய கூட்டிக்கிட்டு நானும் கொழும்புக்குப் போறேன்."

"நான் ஏன் கூப்பிடணும்? வந்து ஒத்துக்கட்டும்."

"ஒத்துக்க என்னம்மா இருக்கு?"

பேத்தி தனுஜா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம்.

என்னிடம் சாட்சி இல்லை என்று நினைக்கிறாள். வண்டிதான் சாட்சி. கராஜ்காரன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்.

பெப்ரவரி 22

முதலில் நானே அளந்து பார்த்தேன். டயருக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் விரலை வைத்தேன். இடப்பக்கம் ஐந்து விரல், வலப்பக்கம் மூன்று. சுரேஸிடம் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லி மறுபடி அளந்தால் நாலும் மூன்றும். கோயில் வாசலில் நிறுத்தினால் வேறு கணக்கு.

"ஆச்சி, நம்ம லயத்துல ஒரு கோலிக்குண்டு உருளாம நிக்கிற எடம் காட்டுங்க பாப்போம்" என்று சிரிக்கிறான்.

மார்ச் 4

பண்டாரவளை, ஸாஹிரின் கராஜ். இவன் அப்பா றஹீம், 1994-இல் என் புருஷன் முருகையாவை வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டு ஒரு தோட்டத்துத் துரையின் காரைப் பார்த்தவன். போனதும் அதைச் சொன்னேன்.

"வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள்ள போயி பத்து வருசம். இன்னும் கோவமா ஈக்கீங்களா?"

"இருக்கேன். இது அடிபட்ட வண்டி. அத மட்டும் உன் வாயால சொல்லு தம்பி."

"மொதல்ல வண்டி சொல்லட்டும்."

சிமெந்துத் தரையில், மட்டம் பார்த்த இடத்தில் நிறுத்தினான். சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் தகட்டு விளிம்பு வரைக்கும் அளந்தான். வலம் ஒன்றே முக்கால் அங்குலம் குறைவு. டயர் இரண்டிலும் காற்று சரி. பின்சக்கரங்களை இடம் வலம் மாற்றிப் போட்டான். அப்போதும் வலம்தான் தாழ்வு.

"டயர் இல்ல" என்றான்.

"ஷொக் போயிருக்குமோ?" இது சுரேஸ்.

"ஷொக் குலுக்கத்த அடக்கும். வண்டியத் தாங்குறது ஸ்பிரிங்."

அடிச்சட்டத்தை மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தான். இரண்டும் ஒரே நீளம். அச்சும் நேர். பிறகு இரண்டு பக்கத்து ஸ்பிரிங் தகட்டு அடுக்கையும் கழற்றித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இடப்பக்கத்துத் தகடு வில்லாக வளைந்திருந்தது. வலப்பக்கத்தது பலகை.

"அடிபட்டிருந்தா ஒரு தகடாவது வெடிச்சிருக்கும். இல்லாட்டி நடு போல்ட் அறுந்திருக்கும். ஒன்னும் இல்ல. இது வருசக் கணக்கா ஒரே பக்கம் பாரம் தாங்கி அசந்து படுத்த ஸ்பிரிங். ஒங்க ஆளுங்க எந்தப் பக்கம் ஏத்துவாங்க?"

சுரேஸ் என்னைப் பார்த்தான். நான் தகட்டைப் பார்த்தேன்.

"மலைப்பக்கம்" என்றான் சுரேஸ். "ஆச்சி சட்டம்."

என் புருஷன் செத்தது ஒரு வாடகை டிராக்டரில். விறகு எல்லாம் பள்ளப்பக்கம் ஏற்றியிருந்தது. கவிழ்ந்தது. அதற்கு வந்த நட்டஈட்டில் வாங்கிய இந்த வண்டியில் பாரமான மூட்டை எல்லாம் மலைப்பக்கம்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பண்டாரவளைக்கு இறங்கும்போது மலை வலப்பக்கம். திரும்பும்போது வெறும் வண்டி. பதினொரு வருஷம்.

"கல்லு ஏத்தினது? அதுக்கு அடுத்த நாள்தான் சாஞ்சிச்சு."

"அடுத்த நாள்தான் நீங்க பாத்தீங்க ஆச்சி."

மார்ச் 5

இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் நாளைக்கு மற்றப் பக்கம் சாயுமாம். தேய்ந்த ரப்பர் புஷ்களையும் மாற்றினான். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகுதான் அவற்றின் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கினான். மறுபடி அளந்தான். இரண்டு பக்கமும் ஒன்று.

வீட்டில் துஷாந்தினி கேட்டாள், "கராஜ் பாஸ் என்ன சொன்னாரு?"

"ஸ்பிரிங் போச்சாம்."

"எதனால?"

"அதெல்லாம் சொல்லல."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் வரைக்கும் வந்தது.

மார்ச் 9

இன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 14

சுரேஸிடமும் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. பன்னிரண்டு பேர் முன்னால் பேசியவள், ஒரு மகள் முன்னால் பேச முடியாமல் திரிகிறேன்.

மார்ச் 22

தனுஜா கேட்டாள். "அம்மாயி, வண்டி இப்ப நேராத்தானே நிக்குது. அப்பா இனி வரலாந்தானே?"

அதற்கு மேல் முடியவில்லை. துஷாந்தினியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. திட்டவும் இல்லை.

"இத அவரு ரெண்டு வருசத்துக்கு முந்தியே சொன்னாரும்மா. ரெண்டு பக்கமும் சமமா ஏத்துவோம் அத்தைன்னு. எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியான்னு தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போனீங்க."

யார் என்றைக்கு எனக்கு என்ன செய்தார்கள் என்று தேதியோடு சொல்லுவேன். கங்காணி எனக்கு அரை நாள் கூலிக்கு அரைப் பெயர் போட்ட நாள், தராசில் கொழுந்து நிறுத்தவன் இரண்டு கிலோ வெட்டிய நாள், நாத்தனார் சேலையைக் குறை சொன்ன நாள். அந்தத் தட்டும் நினைவிருக்கிறது. கோவாச் சுண்டலும் கருவாடும். அவன் சொன்னது மட்டும் இல்லை. எவ்வளவு தேடினாலும் இல்லை.

"இப்பவே கூப்பிடு. நான் பேசுறேன்" என்றேன்.

"முந்தாநாள் அவரு ரூம் எடுத்திட்டாரு. புள்ளைக்கு ஸ்கூலும் பாத்தாச்சி. ஸ்பிரிங் போச்சுன்னு மட்டும் சொன்னீங்கல்ல, அன்னைக்கே அவருக்கிட்ட சொல்லிட்டேன். அம்மா மாற மாட்டாங்க, எடம் பாருங்கன்னு."

பதினேழு நாள். ஐந்தாம் தேதியே சொல்லியிருந்தால் — சொல்லியிருந்தால் என்ன, இப்போது.

மார்ச் 23

மூட்டை ஏற்றுகிற இடத்துக்குப் போனேன். அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்று சொன்னேன். "ஜெயகுமார் மேல ஒரு தப்பும் இல்ல. வண்டி சாஞ்சது என்னால."

சாக்குத் தைக்கிற வேலாயி நிமிரக்கூட இல்லை. "அது எங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

"தெரிஞ்சா ஏன்டி சொல்லல?"

"உங்ககிட்டயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6

காலையில் வந்தார். மெலிந்துவிட்டார். "வாங்க மாப்பிள்ளை" என்றேன். சோறு போட்டேன். சாப்பிட்டு முடியும் வரைக்கும் காத்திருந்து சொன்னேன்.

"தப்பு என்னோடது. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

"வேலாயியக்கா போன்ல சொன்னாங்க. விடுங்க அத்தை."

"வண்டி இருக்கு. தோட்டம் இருக்கு. இங்கயே இருந்தா..."

"முதலாளிக்கு வாக்குக் குடுத்திட்டேன் அத்தை. புள்ளையும் ஸ்கூல்ல சேத்தாச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

சாமான்களை கெப்பில் அவரே ஏற்றினார். அலமாரி ஒரு பக்கம். அரிசி மூட்டையும் பாத்திரப் பெட்டியும் தையல் மெஷினும் மறுபக்கம். பின்னால் போய்க் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். நான் வாசலில் நின்றேன். ஸ்டேஷன் வரைக்கும் அவர்தான் ஓட்டினார். திருப்பிக் கொண்டுவரச் சுரேஸ் கூடப் போனான். தனுஜா வளைவு வரைக்கும் கை காட்டினாள்.

ஏப்ரல் 7

துஷாந்தினி மிளகாய்த்தூள் அரைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மூன்று மாதச் சமையலுக்குக் காணும்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. கோயிலுக்குப் போய்வந்தேன்.

பத்து மணிக்குப் போன் வந்தது. மாப்பிள்ளை. வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நல்லா ஓடுகிறது என்றேன். "புது ஸ்பிரிங் போட்டா கொஞ்ச நாள்ல ஸ்பிரிங்க அச்சோட பிடிக்கிற யூ போல்ட்டத் திரும்ப இறுக்கணும் அத்தை. சுரேஸ்கிட்ட சொல்லி அனுப்புங்க" என்றார். சரி மாப்பிள்ளை என்றேன். இன்னும் ஏதாவது சொல்லுவார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். தனுஜாவிடம் கொடுத்துவிட்டார்.

அவள் புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நிறையச் சொன்னாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள், மலை எங்கேயும் இல்லை. எப்போது வருவாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஓகஸ்டில் லீவு என்று அவளாகவே சொன்னாள். வருவேன் என்று சொல்லவில்லை.