கிருத்திகைத் தேதி போட்ட அட்டை

திருத்தணி
2.10.2024

அன்புத் தங்கச்சி சுஜாதாவுக்கு அண்ணன் எழுதுவது.

மாப்பிள்ளை பாலமுருகன் நம் கடை வேலையாக ஆகஸ்ட் எட்டாம் தேதி வெளிநாட்டுக்கு விமானம் ஏறினார். இருபத்து நாலாம் தேதி காய்ச்சல் கண்டது. செப்டம்பர் ஒன்றாம் தேதி காலையில் கம்பாலா ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனார். உடம்பை அனுப்ப முடியாது என்று சொல்லி அங்கேயே எரித்துவிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான். ஊரில் யார் வேறு எது சொன்னாலும் காதில் வாங்காதே.

மாப்பிள்ளையை அனுப்பியது நான்தான் என்ற கோபத்தில், காரியம் முடிந்த நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டாலும் ஒரு டிக்கோடு நிற்கிறது. என் நம்பரை நீ பிளாக் செய்திருப்பதாக நம் தம்பி சக்திவேல்தான் சொன்னான். கூடப் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல, ஆர்.கே.பேட்டைக்கு அவன் கையில் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது. "என்னாண்ணா, இந்த வயசுல லெட்டரு?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிப் பையில் வைத்தான். அவனாவது சிரிக்கிறான்.

அரிசி ஒரு மூட்டை, கடலை எண்ணெய் ஒரு டின் வருகிறது. போன தடவை மாதிரி திருப்பி அனுப்பாதே. கவிப்பிரியாவை டியூஷனுக்குப் போகச் சொல். பத்தாம் வகுப்பு விளையாட்டில்லை.

ஒரு சின்ன வேலை. மாப்பிள்ளையோடு போன கனகம்மாசத்திரம் துளசிங்கம் அவருடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தானே, அதில் பாஸ்போர்ட்டுக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு தடுப்பூசி அட்டை இருக்கும். ஆபீஸ் வேலைக்கு வேண்டும். அதை மட்டும் எடுத்துச் சக்திவேலிடம் கொடு. மற்றதைக் கிளறி மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே தோட்டங்களில் இன்னும் பதினாறு போர்வெல்லில் மோட்டார் இறக்க வேண்டியிருக்கிறது. பாதியில் விட்டால் நம் பம்புசெட் கடைக்கு அந்த ஊரில் இனி பெயர் இல்லை. இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி சக்திவேலை அனுப்புகிறேன்.

உன் நல்லதையே நினைக்கும் அண்ணன்
கஜபதி


ஆர்.கே.பேட்டை
5.10.2024

அண்ணா,

அரிசியும் எண்ணெயும் வந்தன. எண்ணெயைச் சக்திவேல் வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டான், அதனால் திருப்பி அனுப்ப முடியவில்லை.

நீ கேட்ட பிறகுதான் பையைத் திறந்தேன். அதுவரை கட்டிலுக்கடியில் கிடந்தது. இரண்டு சட்டை, அவருடைய ஸ்பானர், கொசுவலை, மலேரியா மாத்திரை அட்டை. டாக்டர் வாரம் ஒன்று என்று சொன்னபடி சரியாகத் தின்றிருக்கிறார், ஒன்றுகூடத் தவறவில்லை. அப்புறம் நீ கேட்ட அட்டையும், ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த இறப்புச் சான்றும்.

சான்றைக் கவிப்பிரியா படித்தாள். "அம்மா, காமாலைன்னு எங்கயும் போடல. மஞ்சள் காய்ச்சல்னு போட்டுகிறாங்க. அது கொசுவால வர்றது, வேற நோய்" என்றாள். பிறகு நீ கேட்ட அட்டையை எடுத்துப் பார்த்தாள். அதே காய்ச்சலுக்குத்தான் இந்த ஊசி என்று அதில் இருக்கிறதாம். "ஊசி போட்டவருக்கு எப்பிடிம்மா வரும்?" என்று கேட்டாள்.

தேதியையும் படிக்கச் சொன்னேன். ஜூலை இருபத்தொன்பது, சென்னை.

அண்ணா, அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. அவர் தோளில் காவடி இருந்தது. நான் பின்னால் பால்குடம் எடுத்து வந்தேன். நீ எங்களுக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலோடு ஏறினாய். பாதிப் படியில் நீ எடுத்த போட்டோ இப்போதும் என் போனில் இருக்கிறது, தேதி மணியோடு.

சென்னையில் ஊசி போட்டுக்கொண்டது யார்?

அட்டை என்னிடமே இருக்கட்டும்.

சுஜாதா


திருத்தணி
7.10.2024

தங்கச்சி சுஜாதாவுக்கு,

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. ஊசி போடவில்லை. அட்டை ஒரு ஏஜெண்டிடம் வாங்கியது. மாப்பிள்ளைக்கு ஒன்று, துளசிங்கத்துக்கு ஒன்று.

ஆனால் நடந்ததை முழுசாக நினைத்துப் பார். ஜூலை பத்தாம் தேதியே சென்னைக்குக் கூட்டிப் போகிறேன் என்று உன் வீட்டுக்கு வண்டியோடு வந்தேன். முந்தின நாள்தான் அவர் மாலை போட்டிருந்தார். மாலை போட்ட உடம்பில் ஊசி ஏறக் கூடாது, ரத்தம் வரக் கூடாது, அம்மா காலத்திலிருந்து நம் வீட்டு வழக்கம் என்று நீதான் சொன்னாய். "மலை எறங்கட்டும்ணா, அப்பறம் போட்டுக்கட்டும்" என்றாய். உன் அண்ணி சுலோச்சனா காபி போட்டுக்கொண்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டிலும் அதையே சொன்னாய். நானும் கடவுள் காரியம் என்று தள்ளிப்போட்டேன்.

மலை இறங்கி விசாரித்தால், ஊசி போடும் இடத்தில் ஆகஸ்ட் ஆறாம் தேதிக்குத்தான் இடம் இருந்தது. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். சரக்கு ஒன்பதாம் தேதி அங்கே இறங்குகிறது. டிக்கெட் எட்டாம் தேதி. ஏஜெண்ட் டிக்கெட் தேதியிலிருந்து பத்து நாள் பின்னோக்கி எண்ணி அட்டையில் தேதி போட்டான். அது கிருத்திகை என்று அவனுக்கும் தெரியவில்லை, நானும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளைக்கும் தெரியும். "மச்சான், ஊசின்னா எனக்கு சின்ன வயசுலேர்ந்தே பயம். நல்லதாப் போச்சு" என்று சிரித்தார். ஏர்போர்ட்டில் தடுப்பார்களா என்றுதான் நான் ஏஜெண்டைக் கேட்டேன். ஊசி இல்லாமல் போனால் உடம்பு என்னாகும் என்று கேட்கவில்லை. கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் குழாய் வாஷர் விற்று மேலே வந்தவன் நான். எதை வாங்கினாலும் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து வாங்குவேன். இதை மட்டும் அப்படிப் பார்க்கவில்லை.

அட்டையைக் கொடுத்துவிடு. அது வெளியே போனால் துளசிங்கத்துக்கும் கெடுதல்.

உன் அண்ணன்
கஜபதி


ஆர்.கே.பேட்டை
12.10.2024

அண்ணா,

ஆமாம், நான் சொன்னேன். மாலையோடு ஊசி வேண்டாம் என்று சொன்னது என் வாய்தான். அதை நீ எழுதிக் காட்டவே வேண்டாம். சான்றைப் படித்த நாளிலிருந்து வேறெதையும் நான் நினைக்கவில்லை. என் பங்கை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் பிறகு போடட்டும் என்றுதான் சொன்னேன். போடாமலே போகட்டும் என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தில் துளசிங்கம் பெயரைப் பார்த்ததும் அவனை வரச் சொன்னேன். நேற்று வந்தான். உட்காரவே இல்லை. வாசலில் நின்றுகொண்டே பேசினான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் அவர் கண் மஞ்சளாகிவிட்டதாம். அந்த டாக்டரம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நிஜமா? உண்மையில் போட்டாரா?" என்று துளசிங்கத்திடம் கேட்டாராம். இவன் பயந்துபோய் உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தானாம். நீ இங்கிலீஷில் "எஸ் மேடம், ஒரிஜினல், நானே கூட இருந்தேன்" என்றாயாம். பக்கத்துக் கட்டிலில் இவர் வாயைத் திறக்க முடியாமல் கிடந்தாராம். அப்படியானால் இது அந்தக் காய்ச்சலாக இருக்காது என்று மூன்று நாள் மலேரியாவுக்கு மருந்து ஏற்றினார்களாம். கறுப்பாக வாந்தி எடுத்த பிறகுதான் ரத்தத்தை வேறு சோதனைக்கு அனுப்பினார்களாம்.

முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று துளசிங்கம் கேட்டிருக்கிறான். சொல்ல முடியாது, ஆனால் அன்றைக்கே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருப்போம் என்றாராம் அந்தம்மா.

"அண்ணி, நானும் அதே தோட்டத்துல, அதே கொசுலதான் படுத்துகினு இருந்தேன். என் அட்டையும் அதேதான். எனக்கு ஒண்ணும் ஆவல. ஏன்னு தெரியல" என்று அழுதான். அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினேன்.

எப்படி நடந்தது என்று இனி எழுதாதே. அந்தம்மா கேட்டபோது ஏன் அப்படிச் சொன்னாய்? அதை மட்டும் எழுது.

சுஜாதா


திருத்தணி
15.10.2024

சுஜாதா,

மூன்று நாள் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன்.

போலி அட்டை என்று சொன்னால் இரண்டு பேரையும் பிடிப்பார்கள், என் பெயர் வரும், சரக்கை நிறுத்திவிடுவார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றியது. காய்ச்சல்தானே, குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்துவிடுவார் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நொடியில் தோன்றின. அதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது. வியாபாரத்தில் யார் எது கேட்டாலும் "இருக்கு, ஒரிஜினல்" என்று சொல்லியே முப்பது வருஷம் பழகிய வாய்.

போனை வைத்த பிறகு மூன்று நாள் இருந்தது. திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதற்குக் காரணம் என்னிடம் இல்லை.

பைபாஸ் கடையை உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன். கவிப்பிரியா படிப்பும் கல்யாணமும் என்னுடையது. விலை பேசுகிறான் என்று நினைக்காதே. எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. உனக்கு என்ன வேண்டும் என்று சொல், அதைச் செய்கிறேன். சக்திவேலுக்கு இந்த முறை நிஜமாகவே ஊசி போட்டு அனுப்புகிறேன்.

கஜபதி


திருத்தணி
21.10.2024

சுஜாதாவுக்கு,

என் கடிதத்தையே திருப்பி, அதன் பின்பக்கத்தில் நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். உன் பெயரைக்கூட நீ போடவில்லை. சக்திவேல் இந்த முறை சிரிக்கவில்லை. கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் போவல, நீ வேற ஆளப் பாத்துக்கோ" என்று கடைச் சாவியையும் வைத்துவிட்டுப் போனான். அவனிடம் நீ எல்லாம் சொல்லியிருக்கிறாய். சரிதான்.

கடை வேண்டாம், காசு வேண்டாம் என்றாய். நடந்ததை நடந்தபடி போலீஸில் எழுதிக் கொடு என்று கேட்டாய், அதை மட்டும் தருகிறேன்.

இன்று காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். காமாலை என்று உனக்கு எழுதியதுபோல் அங்கே எழுதவில்லை. என் தங்கை கணவர் பாலமுருகன் தடுப்பூசி போடாமல், நான் காசு கொடுத்து வாங்கிய போலி அட்டையோடு போய், மஞ்சள் காய்ச்சலில் இறந்தார், டாக்டர் கேட்டபோது நான் பொய் சொன்னேன் என்பதுதான் முதல் வரி. ஏஜெண்ட் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. துளசிங்கத்தை நான் சொன்னபடி செய்தவன் என்று மட்டும் எழுதினேன். அட்டையை வாங்க ஏட்டு ஒருவர் உன் வீட்டுக்கு வருவார். என்னிடம் கொடுக்காததை அவரிடம் கொடு.

கம்பாலா வேலையை விட்டுவிட்டேன். இனி என் கடையிலிருந்து யார் வெளிநாடு போனாலும், முதலில் டாக்டரைப் பார்த்து, போட வேண்டிய ஊசியைப் போட வேண்டிய இடத்தில் போட்டு, சொன்ன நாள் முடிந்த பிறகுதான் டிக்கெட் எடுப்பேன். சரக்கு துறைமுகத்தில் கிடந்து துருப்பிடித்தாலும் இதுதான்.

கடைசியாக நீ எழுதியிருந்ததற்கும் சம்மதம். உன் வாசலுக்கு நான் வரமாட்டேன். கவிப்பிரியா கல்யாணத்தில் தாய்மாமன் சீர் சக்திவேல் கொண்டுவருவான். மாலையும் அவன் கையாலேயே போகும். பந்தலில் எனக்கு இடம் கிடையாது, பத்திரிகையில் என் பெயர் கிடையாது.

கஜபதி