மூன்றாம் பருவத்துப் புழுக்கள்

மார்ச் 3

அடியே வாயாடி,

நல்லா இருக்கியா? நீ வேற ஆய்வகத்துக்குப் போனதுலேர்ந்து இங்க மைக்ரோஸ்கோப்கூடத்தான் பேச்சு. உன் நாற்காலியில இப்போ யாரோ அட்டைப்பெட்டிய வெச்சிருக்காங்க.

நம்ம உருளைப்புழுக் கட்டுரைய அனுப்பறதுக்கு முன்னாடி சோதனைய இன்னொரு தடவை செஞ்சேன். மூணாம் வளர்ச்சிப் பருவத்துலயே ஆண் புழுவுலயும், பெண் மாதிரி முட்டையும் போடற இருபால் புழுவுலயும் நூத்துக்கணக்கான மரபணுக்கள் வேற வேற அளவுல வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கோம். எனக்கு அதுல பாதிகூட வரலடி. ஆண் புழுக்களக் கொஞ்சம் தாமதமா எடுத்துப் பார்த்தேன், கட்டுரையில இருக்கற மாதிரியே வந்துடுச்சு! அப்போ நாம பார்த்தது பால் வித்தியாசமா, வெறும் வயசு வித்தியாசமா?

தப்பா நினைக்காதே. முதல் சோதனை அன்னைக்கு ரெண்டு புழுத் தட்டையும் ஒரே நேரத்துலதானே எடுத்தே?

உன் நெட்டை

மார்ச் 14

நெட்டை,

சுகம் விசாரிச்சதுக்கு நன்றி. நாலாவது வரியிலயே விஷயம் புரிஞ்சுபோச்சு.

கட்டுரையில என் பேருக்குப் பதிலா உன் பேர முதல்ல போடப் பேச்சு நடக்குதாமே? ஆய்வகத்துல பாத்திரம் கழுவுற அக்கா போன்ல சொன்னாங்க. அதுக்கு நான் தப்பு பண்ணியிருக்கணும், இல்ல? "எடுத்தே"ன்னு எவ்வளவு சுலபமா எழுதிட்டே. வேலை செஞ்சது ரெண்டு பேர்தானே?

நல்லா யோசிச்சுப் பாரு. அப்புறம் எழுது.

வாயாடி

மார்ச் 25

அன்புள்ள வாயாடிக்கு,

பேர மாத்தலாமான்னு பேராசிரியர் கேட்டது உண்மை. முடியாதுன்னுட்டேன். என் பையன் மேல சத்தியம்.

ஆனா கேட்டதுக்குப் பதிலே இல்லையே. மடியில கனமில்லேன்னா ஒரு வரி எழுதறதுக்கென்ன? நீ இப்படி மழுப்பினா நான் என்னதான் நினைக்கறது? வேற வழி தெரியாம, "அவ பிரிச்செடுத்த புழுக்கள் மேலதான் எனக்குச் சந்தேகம்"னு பேராசிரியர்கிட்ட சொல்லிட்டேன். மனசு கேக்கல, அதான் உனக்கும் எழுதறேன்.

நெட்டை

ஏப்ரல் 6

நெட்டைக்கு,

அன்னைக்கு இருபால் புழுக்கள எடுத்தது நான். ஆண் புழுக்கள் உன் பங்கு. உன் பையனுக்குக் காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போயிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தே. உன் தட்டு அதுவரைக்கும் இன்குபேட்டர்லயே இருந்துச்சு. புழு உனக்காக வளராம காத்துக்கிட்டா இருக்கும்? "பரவால்ல, இப்போ எடு"ன்னு நான்தான் சொன்னேன். அதனால தப்பு ரெண்டு பேருக்கும்தான்.

உன் முதல் கடிதத்தப் படிச்சதுமே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. உனக்கும் வரும்னு காத்திருந்தேன். என்னைச் சந்தேகப்பட்டே, சரி. ஒரு தடவையாவது உன்னை நீ சந்தேகப்பட்டியா?

இங்க புதுசா ஆரம்பிச்சு, ரெண்டு வகையையும் ஒண்ணா எடுத்துப் பார்த்துட்டேன். நீ சொன்னதுதான் சரி, பாதிக்கு மேல மறைஞ்சுடுது. மிச்சம் இருக்கறதுல பெரும்பாலும் ஆணோட வால் உருவாகற இடத்துல வேலை செய்யற மரபணுக்கள். அது நிஜமான வித்தியாசம். அத மட்டும் வெச்சுக் கட்டுரைய எழுது. உன் பேரையே முதல்ல போடு.

கட்டுரைய நிறுத்தி வைக்கச் சொல்லிப் பேராசிரியருக்கு எழுதிட்டேன். "எங்களால நேர்ந்த பிழை"ன்னுதான் எழுதினேன், யாருன்னு சொல்லல. பழைய ஆய்வகத்துக்கே திரும்பி வந்துடச் சொல்லி அவர் கேட்டிருந்தார். வரலேன்னும் அதுலயே எழுதிட்டேன்.

பையன் நல்லா இருக்கானா? அவனுக்கு என் முத்தம்.

வாயாடி